களிமண்ணை அளப்பதா, கணினியில் ஓட்டுவதா?

அணுக்கழிவுக் கலனைச் சுற்றி இறுக்கி அடைக்கும் பெண்டோனைட் களிமண்ணுக்குள் கரைபொருள்கள் எப்படி விரவுகின்றன என்று ஆராய வரும் மாணவர்கள், முறையை யோசித்துத் தேர்ந்தெடுப்பது அபூர்வமாகிவிட்டது. ‘கம்ப்யூட்டரோடு சேர்ந்த வேலையாகப் பார்’ என்று வீட்டில் சொல்லி அனுப்புகிறார்கள். தலைப்பில் மெஷின் லேர்னிங் இருந்தால் போதும் என்கிறார்கள் நண்பர்கள். களிமண் வில்லையின் ஒரு பக்கம் கரைசலை வைத்து மறுபக்கம் வந்துசேர்வதை அளப்பது, ஒரு பக்கம் ஊறவிட்டுப் பின் வில்லையைச் சீவிச் செறிவு பார்ப்பது, இரண்டுமில்லாமல் கணினி மாதிரியில் ஓட்டுவது என்ற மூன்று வழிகளும் எல்லோருக்கும் தெரிந்தவைதான். மூன்றாவதைப் பற்றித்தான் எச்சரிக்க வேண்டியிருக்கிறது.

நாம் ஊட்டிய எண்ணின் விளைவைத்தான் மாதிரி திருப்பித் தரும். செறிவுக் கோட்டின் வடிவம் மட்டும் கையில் இருந்தால், விரைவாக விரவி நிறைய ஒட்டிக்கொள்ளும் பொருளும், மெதுவாக விரவிக் கொஞ்சமாக ஒட்டும் பொருளும் ஒரே கோட்டை வரைந்துவிடலாம். கோடு புள்ளிகளோடு கச்சிதமாகப் பொருந்தியதென்று மாணவர் மகிழும் இடத்தில் எதுவும் நிரூபணமாகியிருக்காது. பெண்டோனைட்டின் முக்கியக் கனிமமான மாண்ட்மோரில்லோனைட்டின் தகடுகளின் முகம் எதிர்மின்னேற்றம் கொண்டது. அதனால் குளோரைடு குறுகிய இடுக்குகளுக்குள் நுழையாமல் ஒதுக்கப்படுகிறது. சீசியமோ தகட்டை ஒட்டியே நகர்கிறது. உப்புக் குறைந்த நீரில் சீசியத்தின் பயனுறு விரவல் கெழு, அதே மண்ணில் தண்ணீருக்குள்ள கெழுவையே மிஞ்சும். துளைநீரை மட்டும் கணக்கில் எடுத்த மாதிரி இதைச் சொல்லியிருக்காது, அளந்தவர்களுக்குத்தான் தெரிந்தது. களத்திலும் அப்படித்தான்: கனடாவின் ஒண்டாரியோவில், சார்னியா அருகே ஐந்து வருடமே ஆன நச்சுக்கழிவுக் கிடங்கின் அடிக்களிமண்ணைத் துளையிட்டுப் பார்த்து 1989இல் வெளியிட்டார்கள். குளோரைடு 83 செ.மீ. வரை இறங்கியிருந்தது, கரிமச் சேர்மங்கள் 15 செ.மீ.யோடு நின்றிருந்தன. அதே மண், அதே ஐந்து வருடம்.

கழிவு அடைபட்டிருக்க வேண்டிய லட்சம் வருடத்தை ஆய்வகத்தில் உட்கார்ந்து அளக்க முடியுமா என்று கேட்பார்கள். முடியாது, அதற்கு மாதிரி வேண்டும்தான். ஆனால் அதற்குள் போகும் கெழு களிமண்ணிலிருந்து வரட்டும். பட்டம் முடிக்க நேரமில்லை என்பது இதைவிட நியாயமான வாதம். 1 செ.மீ. வில்லையைக் குளோரைடு சில நாட்களில் கடந்துவிடும். ஒட்டி ஒட்டிப் போகும் சீசியத்தின் தோற்றக் கெழு (ஒட்டுதலையும் சேர்த்த விரவல் கெழு) நொடிக்கு 10⁻¹² சதுர மீட்டர் என்றால், தாமதம் மட்டுமே அரை வருடம். ஆனால் நேரம் தடிப்பின் வர்க்கத்தைப் பொறுத்தது: வில்லையைப் பாதியாக்கினால் காத்திருப்பு ஒன்றரை மாதமாகச் சுருங்கும். என் ஓட்டு, மறுபக்கம் வந்துசேர்வதை அளக்கும் முதல் முறைக்கே, அதை மறைக்கவில்லை. கடந்து வரும் அளவு ஒன்று, வரத் தாமதமான நேரம் ஒன்று என்று இரண்டு அளவுகள் கிடைப்பதால், விரவலையும் ஒட்டுதலையும் அதில் தனித்தனியே பிரிக்கலாம். வாரக்கணக்கில் பூஜ்யம் எழுதியும் சலிக்காத கை அதற்கு வேண்டும். அந்தப் பொறுமை பயிற்சியில் வரக்கூடியதே. கணக்கில் மெய்யாகவே ருசி உள்ளவர் மாதிரிக்குப் போகட்டும். ஆய்வகத்துக்குப் பயந்து போகிறவரைத்தான் தடுக்க வேண்டும்.

அளக்க உட்காருகிறவர் சோதனைக் கலத்தில் மண்ணை அடைக்குமுன், வில்லை ஊதிப் பிதுங்காமல் இருபுறமும் தாங்கும் நுண்துளை எஃகுத் தகட்டின் விரவலை மட்டும் ஒருமுறை தனியே அளந்துவிடட்டும். சீசியத்தை மறித்தது மண்ணா, தகடா என்று பிறகு குழம்ப வேண்டியிராது.