கீழாநெல்லியும் காமாலையும்: ஒரு பரிசோதனை கற்பிக்கும் பாடம்

பாலக்காட்டின் வாளையார் எல்லையிலும், இடுக்கியின் குமுளி, மூணாறு முதலிய மலைப்பகுதிகளிலும் தமிழும் மலையாளமும் அருகருகே வழங்குகின்றன. காமாலை கண்டால் இரு மொழியினரும் நாடுவது ஒரே பூண்டைத்தான். இலைகளின் கீழ்ப்புறத்தில் நெல்லி போன்ற சிறு காய்கள் வரிசையாகத் தொங்குவதால் தமிழில் அது கீழாநெல்லி எனப்படும், மலையாளத்தில் கீழார்நெல்லி. இந்நம்பிக்கையை விஞ்ஞானிகள் எவ்வாறு சோதித்தனர் என்பதைக் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் நன்று.

முதற்கண், காமாலை என்பது தனியொரு நோயன்று, நோயின் அறிகுறியே. கல்லீரல் பழுதுறும்போது பித்த நிறமி இரத்தத்தில் மிகுந்து கண்ணும் தோலும் மஞ்சளாகின்றன. அசுத்த நீராலும் உணவாலும் பரவும் ஏ, இ வகை வைரசுகளால் உண்டாகும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணியும். அக்காலத்தில் உண்ட எம்மருந்தும் குணமளித்ததாகவே தோன்றும். பி வகை வைரசோ வேறு தன்மையது. அது இரத்தத்தாலும், உடலுறவாலும், பிரசவ வேளையில் தாயிடமிருந்து சேய்க்கும் பரவுகிறது. சிலர் உடலில் பல்லாண்டு தங்கி, ஈரல் சுருக்கத்தையும் புற்றுநோயையும் விளைவிக்கிறது.

பி வைரசைக் கண்டறிந்து 1976இல் நோபெல் பரிசு பெற்ற புளூம்பெர்க் அவர்களும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் அவர்களும், பிறரும் சேர்ந்து நடத்திய ஆய்வு 1988இல் 'லான்செட்' இதழில் வெளியாயிற்று. இவ்வைரசை நெடுநாளாக உடலில் தாங்கியவர்களுள் ஒரு பகுதியினருக்குக் கீழாநெல்லிப் பொடியும், மற்றவர்க்கு மருந்தில்லாத போலிப் பொடியும் 30 நாட்கள் அளிக்கப்பட்டன. மருந்துண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரசின் புறப் புரதம் மறைந்தது. போலிப் பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. உலகம் வியந்தது. ஆயினும் இது தொடக்கநிலை ஆய்வே என ஆய்வாளர்களே குறித்திருந்தனர்.

ஒரு பரிசோதனை மெய்யாயின், பிறர் செய்தாலும் அதே பயன் விளைதல் வேண்டும். 1990இல் தாய்லாந்து ஆய்வாளர்களும், 1994இல் நியூசிலாந்து ஆய்வாளர்களும் தத்தம் நாட்டு நோயாளிகளிடம் சோதித்தனர். அப்பயன் கிட்டவில்லை. பூண்டின் இனவேறுபாடு, விளைந்த நிலம், பக்குவப்படுத்தும் முறை ஆகியவை காரணமாகலாம் எனச் சிலர் கருதினர். பல நாட்டு ஆய்வுகளை 2011இல் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் மதிப்பீடும், இப்பூண்டு நாட்பட்ட பி காமாலையைக் குணப்படுத்தும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என முடிவு கூறியது.

முதல் ஆய்வு வீணாயிற்று என்பது இதன் பொருளன்று. நாட்டு மருந்தை முறைப்படி சோதிக்கத் துணிந்தது போற்றத்தக்கதே. ஆசிரியர் இதனை ஒரு வினாவாக வகுப்பில் வைக்கலாம்: பூண்டை உண்ட பத்துப் பேரும் குணமடைந்தனர் எனில், உண்ணாத பத்துப் பேர் என்னவாயினர்? இவ்வினாவே மருத்துவ ஆராய்ச்சியின் அடிப்படை.

களப்பணியாளர் செய்ய வேண்டுவன மூன்று. முதலாவது, காமாலை கண்டவரை இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புதல். மயக்கம், குழப்பம், இரத்தக் கசிவு, வயிற்று வீக்கம் உள்ளோரையும், கருவுற்ற பெண்களையும் ஒரு நாளும் தாமதியாது மருத்துவமனை சேர்த்தல் வேண்டும். இரண்டாவது, பி வைரசு இருப்போரைத் தொடர் கண்காணிப்பில் வைத்தல். டெனோபோவிர் போன்ற மருந்துகள் அவ்வைரசின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும். முற்றிலும் அகற்றுவது அரிது. 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். மூன்றாவதும் தலையாயதும், பிறந்த 24 மணி நேரத்திற்குள் குழந்தைக்குத் தடுப்பூசி இடுவித்தல். பின்னர் 6, 10, 14ஆம் வாரத் தவணைகளையும் தவறாது முடித்தல். பிறக்கும்போது தொற்றுற்ற குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அது நாட்பட்டதாக நிலைக்கிறது. வளர்ந்தோரில் ஐவருக்கும் குறைவே.

கீழாநெல்லி கொடுக்கும் பாட்டியை இகழ்தல் வேண்டா. "பரிசோதனையும் செய்துகொள்வோம், அம்மா" என்று இன்சொல்லால் கூறுவதே பயன் தரும். எல்லையின் இருபுறமும் இரு மொழிகளிலும் அச்சொல் சென்று சேருமாயின், காப்பாற்றப்படும் உயிர்கள் பலவாகும்.