வேலியோரப் பூக்களால் ஒரு மலரடுக்கு



சென்ற பௌர்ணமி வழிபாட்டிற்கு வந்த சகோதரி ஒருவர் உள்ளே வராமல் வாயிற்படியருகிலேயே நின்றுவிட்டார். காரணம் வினவினோம். "பூ வாங்கக் காசில்லை ஐயா, வெறுங்கையோடு எப்படி முன்னால் வருவது?" என்றார். அவரை அங்ஙனம் நிற்க வைத்தவர் வேறெவருமல்லர், யாமே. அதற்கு முந்திய கூட்டத்தில், "நல்ல மலராகப் பார்த்து வாங்கி வாருங்கள்" என்று சொன்ன வாய் எமது வாய். பண்டிகைக் காலத்தில் குடிமல்காப்பூர்ப் பூச்சந்தையில் ரோஜாவும் சாமந்தியும் என்ன விலைக்குப் போகின்றன என்பதை நினையாமல் சொன்ன சொல் அது. ஆலையில் வாரக்கூலி எண்ணி வாங்கிய நாட்களை யாம் மறந்ததன் பயன் என்றே கொள்க. அப்பிழையைத் திருத்தவே இப்பாடம்.

ஐதராபாத்தில் வாழும் நமக்கு இதைக் கற்பிக்க ஆசிரியர் தூரத்தில் இல்லை. அடுத்த வீட்டிலேயே இருக்கின்றனர். மழைக்காலம் முடியும் தறுவாயில், மகாளய அமாவாசையில் தொடங்கி ஒன்பது நாள் தெலங்கானாப் பெண்கள் கொண்டாடும் பதுகம்மாவை அறியாதவர் நம்மில் இலர். பதுகு என்றால் வாழ்வு. 2014ஆம் ஆண்டு மாநிலம் அமைந்தபோது இது அரசு விழாவாயிற்று. அவ்விழாவில் பூவடுக்கின் உச்சியில் மஞ்சளால் கௌரியம்மையைப் பிடித்து வைப்பர். அது அவர்கள் நம்பிக்கை. நாம் கற்க வேண்டுவது அவர்களுடைய கைத்திறனை.

அவ்வடுக்கில் முதலிடம் பெறுவன எவை? தங்கேடு, குனுகு என்னும் இரண்டு. தங்கேடு நம் ஊர் ஆவாரை. குனுகு நாம் பண்ணைக்கீரை என்று சொல்லும் களைச்செடி. சோளக்கொல்லையில் உழவன் பிடுங்கி எறிவது. ஆவாரையோ தரிசிலும் சாலையோரத்திலும் தானே பூப்பது. அதன் பட்டை தோல் பதனிடப் பயன்பட்டது. அத்தொழில் செய்தோரை ஊர் எங்கே நிறுத்தியது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டுமோ? அந்த ஆவாரையே இன்று இம்மாநிலத்தின் மலர். இன்னுமொன்று கேளுங்கள். விழாவின் முதல் நாளுக்கு எங்கிலிப் பூ பதுகம்மா என்று பெயர். எங்கிலி என்றால் எச்சில். எச்சில் என்று பெயர் சூட்டியும் அம்மலரைத் தலைமேல் தூக்கிச் செல்கின்றனர்! தீட்டு என்று சொல்லி ஒதுக்கப்பட்ட மக்களாகிய நமக்கு இதைக் கேட்க இனிக்கிறது.

நம் தமிழ்நாட்டிலும் பொங்கலை ஒட்டிக் காப்புக் கட்டும்போது ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை இம்மூன்றையுமே கூரையில் செருகுகின்றனர். ஜப்பான் தேசத்தில் இக்கேபானா என்று புகழ்பெற்ற மலர்க்கலையும், கியோத்தோ நகரின் ரொக்ககுதோ என்னும் பௌத்தக் கோயிலில் இக்கேனோபோ துறவிகள் புத்தருக்கு மலர் வைத்த வழக்கத்திலிருந்து வளர்ந்ததே. அவர்களுள் சென்கெய் என்பவர் மலரமைத்த செய்தி 1462ஆம் ஆண்டுக் குறிப்பில் உள்ளது. அங்கும் ஒரு கிளை, நாலு புல் போதும்.

இனிச் செய்முறை. ஒரு சாண் அகலத் தட்டில் பூசணி இலைகளைப் பரப்புக. அதன்மேல் விளிம்பை ஒட்டி ஆவாரங்கொத்துகளை வட்டமாக வைக்க வேண்டும். பூ வெளிநோக்கியும் காம்பு உள்நோக்கியும் இருத்தல் அவசியம். நடுவில் விழும் பள்ளத்தை, நறுக்கிய இலையும் தண்டும் இட்டுக் கையால் அழுத்தி நிரப்புக. இதில் சோம்பினால் மேலடுக்கு சரியும். எமக்கு இருமுறை சரிந்தது. அடுத்து, குனுகின் கீழிலைகளை உருவி, நான்கு விரல் காம்பு விட்டு நறுக்கி, முன்னதைவிடச் சற்றே உள்ளடங்கிய வட்டமாக வைக்கவும். இப்படி மாறிமாறி ஐந்தடுக்கு வந்தால் வீட்டிற்குப் போதும். இடையிடையே நூலால் சுற்றிக் கட்டுக. உச்சியில் ஒரு பூசணிப்பூ.

குனுகைச் சாயத்தில் தோய்த்துச் சிவப்பும் பச்சையுமாக்குவது இங்கே வழக்கம். அது வேண்டா என்பது எம் கருத்து. கொதிநீரும் உப்பும் கூட்டி நூலில் ஏற்றிய சாயமே சலவையில் கசிவதைச் சாயத்தொட்டியருகே நின்று கண்டவர் யாம். பூவின்மேல் சும்மா தோய்த்தது நிற்குமோ? ஹுசேன் சாகரில் விடப்படும்போது அவ்வளவும் நீரில் இறங்கும். 1992 முதல் புத்தர் சிலை நிற்கும் ஏரியன்றோ அது! குனுகின் இயற்கை வெண்மையும் நுனியின் இளஞ்சிவப்புமே அழகு. எருக்கம்பூ சேர்ப்போர் அதன் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்க. அரளி நஞ்சு; குழந்தைகள் உள்ள வீட்டில் அதனைத் தவிர்க்கவும்.

பதுகம்மா முடிந்த ஓரிரு நாளில் விஜயதசமி வரும். 1956 அக்டோபர் 14இல், அந்நாளில்தான் அண்ணல் அம்பேத்கர் நாகபுரியில் தம்மம் ஏற்றார். அதையடுத்துப் பௌர்ணமி. அதுவரை இப்பூக்கள் வெளியிடங்களில் கிடைக்கும். ஆவாரை மாலைக்குள் வாடும். குனுகோ காய்ந்தும் உருக்குலையாது. வாடியவற்றை அடுத்த நாள் செடிக்கு உரமாக இடுக.

வாயிற்படியில் நின்ற சகோதரியிடம் இவற்றையெல்லாம் விளக்கினோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வீட்டில் தாம்பாளம் இல்லையே" என்றார். கஞ்சி வடிக்கும் சிப்பல் உண்டா என்று கேட்டோம். உண்டு என்றார். தெலங்கானாப் பெண்கள் பலர் அடுக்குவதும் அத்தகைய சிப்பியில்தான்.