பசுந்தேயிலை: பயனும் தேர்வும்

‘தேயிலை’ என்கிறோம், நம் இல்லங்களில் ‘சாயா’ என்றும் வழங்குகிறோம். ‘தே’, ‘சா’ எனும் இரண்டுமே சீன நாட்டு வழக்குகளிலிருந்து பிறந்தவை. பெயர் இரண்டாயினும் செடி ஒன்றே. அதுபோலப் பசுந்தேயிலையும் கறுப்புத் தேயிலையும் ஒரே செடியின் தளிர்களே. வேறுபாடு பதப்படுத்தும் முறையில்தான் உள்ளது. பறித்த தளிரை வாட்டி, உருட்டி, காற்றுப்பட வைத்தால் இலையிலுள்ள நொதி செயற்பட்டு இலை கறுக்கும். காலந்தாழ்த்தாது சூடேற்றினால் நொதி அடங்கிப் பசுமை நிலைக்கும். ஜப்பானியர் ஆவியில் அவிப்பர். சீனர் வாணலியில் வறுப்பர்.

மாரண்டஹள்ளி கேழ்வரகும் தக்காளியும் விளையும் பூமி. தேயிலைக்கு வேண்டிய மிகுமழையும் புளிப்பு மண்ணும் நீலகிரிக்கே வாய்த்தன. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கையின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்க்கு வாழ்வளிக்க 1968இல் தமிழக அரசு ஒரு தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது. அதுவே 1976இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. நாம் பருகும் கோப்பையில் அம்மக்களின் உழைப்பும் கலந்துள்ளது.

பயன்கள்

பசுந்தேயிலையில் கேட்டச்சின்கள் எனும் பொருள்கள் மிகுதி. ஜப்பானில் 40,530 பேரைத் தொடர்ந்து நோக்கி 2006இல் வெளியிடப்பெற்ற ஆய்வில், நாளும் ஐந்து கோப்பையோ அதற்கு மேலோ பருகியோரிடையே இதய, இரத்தக்குழாய் நோய்களால் நேரும் இறப்பு குறைந்து காணப்பட்டது. புற்றுநோய் இறப்பில் அத்தகு வேறுபாடு காணப்படவில்லை. உடல் மெலியும் என்பது விளம்பரத்தின் பெருங்கூற்று. ஆயின் 2012இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு, எடைக்குறைவு மிகச் சிறிதே என்று கண்டது. சர்க்கரை மிகுந்த பால்தேநீருக்கு மாற்றாக, சர்க்கரையின்றிப் பருகுவதே நமக்குக் கிட்டும் உறுதியான பயன்.

தேர்ந்தெடுக்கும் முறை

1. இலை பசுமையாகவோ சாம்பல் கலந்த பசுமையாகவோ இருத்தல் வேண்டும்; பழுப்பேறியது பழையது.
2. தூளினும் முழு இலை சிறந்தது. வெந்நீரில் விரியும் இலையே தன் தரத்தைக் காட்டிவிடும்.
3. பொதிந்த நாளையும் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணையும் காண்க. சேர்பொருட்பட்டியலில் தேயிலை மட்டும் இருப்பின் நன்று. மணமூட்டியும் சர்க்கரையும் வேண்டா.
4. ஒளியும் ஈரமும் புகாத கலத்தில் காக்க.

கொதிக்கும் நீரை ஊற்றினால் கசக்கும். கொதித்த நீரைச் சற்றே ஆறவிட்டு, ஏறத்தாழ 80 பாகை வெப்பத்தில், இரண்டு மூன்று நிமிடம் ஊறவைத்து வடித்தல் முறை.

கருத்திற்கொள்ள வேண்டுவன

இங்கே மாணவியர் சிறப்பாகக் கவனிக்கத்தக்க ஒன்றுண்டு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையோர். நம் கேழ்வரகுக் களியிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைத் தேநீர் தடுக்கும், பசுந்தேநீரும் விலக்கன்று. மெலிய வேண்டி உணவைக் குறைத்து, உண்டவுடன் இதனைப் பருகுவது இருந்த குருதியையும் இழக்கும் வழி. உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமேனும் விடுக. உணவோடு எலுமிச்சையோ நெல்லிக்கனியோ சேர்ப்பின் இரும்புச்சத்து நன்கு சேரும்.

கருவுற்றோரும், இதயநோய்க்கோ இரத்தம் உறையாதிருக்கவோ மருந்துண்போரும் மருத்துவரைக் கேட்டே பருகுதல் வேண்டும். பசுந்தேயிலைச் சாற்றை அடைத்த மாத்திரைகள் வேறு. நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் முதன்மைக் கேட்டச்சினைச் சாற்று மாத்திரைகளாக உட்கொள்வது கல்லீரலைத் தாக்கக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது.

‘மருந்து’ எனத் தலைப்பிட்ட அதிகாரத்திலும் வள்ளுவர் பெரிதும் பேசியது உணவின் அளவையும் செரிமானத்தையுமே. பசுந்தேநீரும் அவ்வளவுக்கு உட்பட்டதே. இதனை மருந்தென்று மயங்காது, நல்லதொரு பானமாக அறிந்து பருகுவோமாக.