கிணற்று நீரின் வன்மையும் உவரும்
(யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கமக்காரர்களுக்கு)

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை என்பது யாவரும் அறிந்ததே. வழுக்கியாறும் மாரி காலத்தில் மாத்திரம் ஓடுவது. ஆதலால் தோட்டத்துக்கும் வீட்டுக்கும் வேண்டிய நீரைக் கிணறுகளே நெடுங்காலமாக அளித்து வந்துள்ளன. யாழ்ப்பாண நகரத்துக் குழாய்களில் வந்த நீரும் கோண்டாவில், திருநெல்வேலி ஆகிய இடங்களின் கிணறுகளிலிருந்து இறைக்கப்பட்டதே. 2024 ஆம் ஆண்டில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. எனினும் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இறைக்கும் நீர் இன்றும் நிலத்தடி நீரே.

இந்நீரில் சவர்க்காரம் நுரைப்பதில்லை. கேத்திலின் அடியில் வெண்ணிறக் கல் படிகின்றது. இவற்றைக் கண்ட கமக்காரர் பலர், இத்தகைய நீர் பயிரைக் கெடுக்குமோ என்று வினவுகின்றனர். வன்மை, உவர், நைத்திரேற்று என்னும் மூன்றையும் வெவ்வேறாகப் பிரித்தறிந்தாலன்றி இவ்வினாவுக்கு விடை கூற இயலாது.

மழைநீர் இயல்பாகவே மென்னீராகும். அது மண்ணினூடே இறங்குகையில் வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகின்றது. குடாநாட்டு மண்ணின் கீழே சுண்ணாம்புக்கல் உள்ளது. அவ்வமிலம் இக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்துக் கல்சியம் இருகாபனேற்றாக நீரிற் சேர்க்கின்றது. நீரைக் கொதிக்க வைத்தால் இது மீண்டும் சுண்ணாம்பாகிப் பாத்திரத்திற் படியும். இதுவே தற்காலிக வன்மை. கல்சியம், மகனீசியம் ஆகியவற்றின் சல்பேற்றும் குளோரைட்டும் தரும் வன்மை கொதித்தலால் நீங்குவதில்லை. ஒரு லீற்றரில் கல்சியம் காபனேற்று அளவில் 180 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நீரை மிகு வன்னீர் என்பர்.

இதனை வீட்டிலேயே ஓரளவு சோதிக்கலாம். ஒரே அளவான இரண்டு போத்தல்களில் ஒன்றில் மழைநீரும் மற்றதிற் கிணற்று நீரும் பாதியளவு எடுத்து, உடுப்புத் தோய்க்கும் கட்டிச் சவர்க்காரத்தைச் சீவி இரண்டிலும் சமமாக இட்டுக் குலுக்குக. சலவைத் தூளை உபயோகித்தலாகாது. அது வன்னீரிலும் நுரைக்கும். கிணற்று நீரைக் கொதிக்க வைத்து, ஆற்றி, தெளித்தெடுத்து மறுபடியும் சோதிக்குமிடத்து நுரை மிகுமாயின் வன்மையிற் பெரும்பகுதி தற்காலிகமானதென அறியலாம்.

வன்மை மாத்திரம் பயிருக்குக் கேடன்று. நீரிலுள்ள கல்சியம் மண்ணை இறுக விடாது பொலபொலப்பாக வைத்திருக்க உதவுகின்றது. உச்சிவேளையில் தூவல் முறையாற் பாய்ச்சினால் இலைகளில் வெண்புள்ளிகள் படியும். சொட்டு நீர்க் குழாயின் துளைகளும் காலப்போக்கில் அடைபடும். கிளைபோசேற்று போன்ற சில களைநாசினிகளின் வலுவைக் கல்சியம் குறைத்துவிடும் ஆதலால், அவற்றைக் கரைப்பதற்குச் சேமித்த மழைநீரே ஏற்றது. இவற்றுக்கு அப்பால் வன்னீரைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை.

உண்மையில் அஞ்ச வேண்டியது வன்மை நீக்கும் கருவியின் நீருக்கே. உப்பைக் கொண்டு இயங்கும் அக்கருவி கல்சியத்தை அகற்றி அதற்கு ஈடாகச் சோடியத்தை விடுகின்றது. சோடியம் மிகுந்த நீர் மண்ணை இறுக்கி, நீர் கீழிறங்காதவாறு அடைத்துவிடும். குடிநீர் வடிக்கும் யந்திரங்கள் கழித்துவிடும் நீரும் உவர் செறிந்ததே. வீணாகின்றதே என்று அதனைக் கத்தரிப் பாத்திக்கு ஊற்றுவோர் உளர், அது தகாது.

இனி உவர். குடாநாட்டின் நன்னீர், பாரம் கூடிய கடல்நீரின் மேல் ஒரு வில்லையாக மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நிற்குமாயின், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். மாறாக, நீர்மட்டம் நிலையாக ஓர் அடி தாழ்ந்தால் உவர்நீர் கீழிருந்து ஏறத்தாழ 40 அடி உயர இடமுண்டு. நிலாவரைக் கிணற்றிலும் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் உள்ளன. துலாவால் இறைத்த காலத்தில் மனிதரின் களைப்பே இறைப்புக்கு எல்லையாயிற்று. யந்திரத்துக்குக் களைப்பில்லை. ஆகவே வைகாசி, ஆனி மாதங்களில் ஒரே மூச்சில் நீண்ட நேரம் இறையாது, இடைவிட்டுச் சிறுகச் சிறுக இறைக்க வேண்டும். நீர் குறைந்ததென்று கிணற்றை மேலும் ஆழமாக்குவோர் பல இடங்களில் உவரையே தேடிச் செல்கின்றனர்.

உவரின் அளவு மின்கடத்துதிறனால் அறியப்படும். அது மீற்றருக்கு 0.7 தெசிசீமன்சுக்குக் குறைந்த நீரை எப்பயிருக்கும் பாய்ச்சலாம். 3.0 க்கு மேற்பட்டது பெரும்பாலான மரக்கறிகளுக்கு ஆகாது. போஞ்சி, கறட், வெங்காயம் ஆகியன உவரைச் சிறிதும் பொறுக்கமாட்டா, ஏறத்தாழ 0.8 ஐக் கடந்ததும் விளைவு குறையத் தொடங்கும். மிளகாய் 1.0 வரையும் தக்காளி 1.7 வரையும் தாங்கும். பீற்றூட் 2.7 வரை பொறுக்கும். நெல் 2.0 அளவு வரை இழப்பின்றி வளருமெனினும், நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் மென்மையானது. உவர் வயல்களுக்கு அற் 354 போன்ற தாங்கும் இனங்களைத் தெரிவு செய்க.

மூன்றாவதாகிய நைத்திரேற்றுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. கேத்திலிலும் அது படியாது. செம்மண்ணிலிட்ட யூரியாவிலும் எருவிலும் பயிர் எடாத பகுதி, அடிக்கடி பாய்ச்சும் நீருடன் இறங்கிச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வழியே கிணற்றை அடைகின்றது. மலகூடக் குழிகளும் இதற்குக் காரணமாகும். வெங்காயமும் புகையிலையும் செறிவாகப் பயிரிடும் வலிகாமத்திற் பல கிணறுகளில் இது அளவுக்கு மிஞ்சியிருப்பது ஆய்வுகளிற் கண்டதாகும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமே உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. அதனைக் கடந்த நீரிற் பால்மாக் கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் குருதி பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாரிக்கக் கூடும். கொதிக்க வைப்பதால் நைத்திரேற்று நீங்காது. நீர் ஆவியாகக் குறைய, எஞ்சியதில் அது மேலும் செறியும்.

இதிற் கமக்காரருக்கு ஒரு கணக்கும் உண்டு. 50 மில்லிகிராம் நைத்திரேற்றுள்ள நீரை 1,000 கனமீற்றர் பாய்ச்சினால், ஏறத்தாழ 11 கிலோகிராம் நைதரசன், அதாவது 24 கிலோகிராம் யூரியாவிலுள்ள அளவு, விலையின்றி நிலத்தைச் சேர்கின்றது. இதனைக் கழிக்காது முழு அளவு யூரியாவையும் இடுபவர் தம் பணத்தைத் தம் கிணற்றிலேயே கொட்டுகின்றார். அண்டை வீட்டாரின் கிணற்றிலும் அது சேர்கின்றது. யூரியாவைப் பலமுறையாகப் பிரித்து இட்டு, இட்ட அன்று மிகையாக நீர் பாய்ச்சாதிருத்தல் வேண்டும். எவ்வளவு குறைக்கலாமென்பதை நீர்ச் சோதனை முடிவுடன் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிக.

சோதனைக்கு நீர் எடுக்கும்போது, யந்திரத்தைப் பத்து நிமிடம் ஓடவிட்டபின் ஒரு லீற்றர் கொள்ளும் சுத்தமான பிளாத்திக்குப் போத்தலை அதே நீரால் மும்முறை அலசி, காற்றிடமின்றி நிரப்பி இறுக மூடுக. பெயர், கிராமம், கிணற்றின் ஆழம், பயிர், திகதி ஆகியவற்றை எழுதி ஒட்டி, வெயில் படாமல் அன்றே ஒப்படைக்க வேண்டும். மாரி முடிந்த தையில் ஒருமுறையும், நீர் வற்றிய ஆவணியில் ஒருமுறையும் சோதிப்பித்தல் நன்று. தையில் நன்னீரென்று கண்ட கிணறு ஆவணியில் வெங்காயத்துக்கு ஆகாததாயிருத்தல் கூடும்.