எலுமிச்சை, நாரத்தை: கழுவிய பிறகே கத்தி வையுங்கள்

தாய்மார்களே! தோட்டக்காரர்களே!

பிளவக்கல் பக்கத்துத் தோட்டத்தில் பறித்ததானாலும், புளியங்குடிச் சந்தையிலிருந்து வந்ததானாலும், எலுமிச்சை இல்லாத அடுப்படி நம் பக்கம் கிடையாது. அதிலுள்ள வைட்டமின் 'சி', கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச் சத்து உடலில் சேர உதவுகிறது. இரத்தசோகையுள்ள கர்ப்பிணிக்கு நல்லது. ஆகவே பழத்தை விடச் சொல்லவில்லை. தோலைக் கவனிக்கச் சொல்கிறோம்.

நஞ்சு எங்கே தங்குகிறது?

தெளிக்கும் பூச்சிமருந்து முதலில் படிவது தோலில். தோலிலுள்ள எண்ணெய்ப் பைகளில் சில மருந்துகள் ஒட்டிக்கொள்ளும். சுளைக்குள் போவது பெரும்பாலும் குறைவு. ஆரஞ்சுத் தோலை எறிந்துவிடுகிறோம். ஆனால் எலுமிச்சை ஊறுகாயையும், மசக்கைக்காரி ஆசையாய்க் கேட்கும் உப்பு நாரத்தங்காயையும் தோலோடுதானே தின்கிறோம்! உப்பில் ஊறினா, வெயிலில் காய்ஞ்சா எல்லாம் போயிடும் என்று நம்ப வேண்டாம்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

சாப்பிட்டவுடன் ஒன்றும் தெரியாது. சிறிது சிறிதாகத் தொடர்ந்து சேர்வதுதான் கவலை. குளோர்பைரிபாஸ் நரம்பைத் தாக்கும் வகை. வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சி கெடலாம் என்ற அச்சமும் ஒரு காரணமாக, ஐரோப்பிய ஒன்றியம் 2020-ல் அதைத் தடை செய்தது. 50 கிலோ தாயும் 10 கிலோ குழந்தையும் ஒரே அளவு தின்றால், எடைக்கு எடை குழந்தைக்கு 5 மடங்கு சேரும்.

செய்ய வேண்டியவை

1. நறுக்கும் முன் ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, துணியால் துடையுங்கள். சோப்பு வேண்டாம். கழுவாமல் நறுக்கினால் தோலில் உள்ளது கத்தி வழியே சாற்றில் இறங்கும்.

2. கழுவினால் குறையும், உள்ளே ஊடுருவிய மருந்து போகாது. ஆகவே ஊறுகாய்க்கு, மருந்தடிக்காத வீட்டு மரத்துக் காயாகப் பாருங்கள்.

3. பிழிந்த மூடியைச் சாற்றில் ஊறப் போடாதீர்கள்.

4. தோட்டக்காரர்களே! மருந்தடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பது மருந்தோடு வரும் தாளில் இருக்கும். விலை ஏறிடுச்சு என்று முந்திப் பறிக்காதீர்கள். அந்தக் காய் உங்கள் பேரப்பிள்ளை தட்டுக்கும் வரும்.

5. மருந்து டப்பாவில் எண்ணெய், ஊறுகாய் எதுவும் வைக்காதீர்கள். 2013 ஜூலை 16-ல் பீகார் சரண் மாவட்டப் பள்ளியொன்றில், மதிய உணவில் மானோகுரோட்டோபாஸ் கலந்து 23 குழந்தைகள் இறந்தார்கள்.

மருந்து பட்டோ, உள்ளே போயோ வாந்தி, அதிக எச்சில், மூச்சுத்திணறல் கண்டால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். மருந்து டப்பாவையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.