நோன்பு நேரத்தில் நம் உடலுக்குள் என்ன நடக்கிறது?



சென்ற ரமலானில் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முன்பு நின்றிருந்தோம். ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை மூச்சிரைக்க ஓடி வந்தாள். “நன்னா என்னமோ உளறுறாங்க. சட்டையெல்லாம் வேர்வை” என்றாள். போய்ப் பார்த்தால், வீட்டார் அவரைக் கட்டிலில் படுக்க வைத்து மின்விசிறியைப் போட்டிருந்தார்கள். “நோன்பு மயக்கம்தான். மஃரிப் வந்தால் சரியாகிவிடும்” என்று காத்திருந்தார்கள். அடுத்த வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தது நல்லதாகப் போயிற்று. அது 48 என்று காட்டியது. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்த கால் மணி நேரத்தில் பெரியவர் எழுந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும், “என் நோன்பை ஏன் முறித்தீர்கள்?” என்று நம்மிடமே கோபித்துக்கொண்டார்.

மறுநாள் அந்தப் பிள்ளை கேட்டாள்: “நானும் நோன்பு, நன்னாவும் நோன்பு. ரெண்டு பேரும் ஒரே ஸஹர்தான் சாப்பிட்டோம். அவங்களுக்கு மட்டும் ஏன் இப்படி ஆச்சு?” “வயசாயிடுச்சும்மா” என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அது பதில் அல்ல என்பது சொல்லும்போதே நமக்குத் தெரியும். அவளுக்குத் தர வேண்டிய பதிலை இந்த ஷஃபான் இதழில் எழுதுகிறோம்.

பள்ளிக்கூடத்தில் மனித உடலைச் செரிமான மண்டலம், இரத்த ஓட்ட மண்டலம், நரம்பு மண்டலம், கழிவுநீக்க மண்டலம், நாளமில்லாச் சுரப்பி மண்டலம் என்று தனித்தனியாகப் பிரித்து நடத்துவார்கள். தேர்வு எழுத அது வசதி. ஆனால் உடலுக்குள் சுவர் வைத்த அறைகள் இல்லை. ஒரு மண்டலத்தில் நடப்பதை அடுத்த மண்டலம் உடனே அறிந்துகொள்கிறது. நோன்பு நாள் ஒன்றைத் தொடர்ந்து பார்த்தால் இது நன்றாகப் புரியும்.

ஸஹரில் சாப்பிட்ட சோறு இரைப்பையில் கூழாகிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்கு இறங்குகிறது. ஃபஜ்ருக்கு முன் சாப்பிட்டால் காலை 9 மணிவாக்கில் இரைப்பை பெரும்பாலும் காலியாகிவிடும். சிறுகுடல் ஏறத்தாழ 6 மீட்டர் நீளம். அதன் உட்சுவரில் வெல்வெட் துணியின் பூம்பரப்பைப் போல நெருக்கமாக நிற்கும் குடலுறிஞ்சிகள் உணவின் சத்தை இரத்தத்தில் சேர்க்கின்றன. சோறும் இட்லியும் ரொட்டியும் அங்கே குளுக்கோஸ் என்ற சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன.

இங்கே ஒரு கணக்குப் போடுவோம். பெரியவர் ஒருவரின் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம் உண்டு. அதில் எந்த நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் சர்க்கரை எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? ஏறத்தாழ 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. மூளை ஒரு நாளைக்கு 120 கிராம் குளுக்கோஸ் வரை செலவழிக்கிறது. 24 மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 5 கிராம். அப்படியென்றால் இரத்தத்தில் உள்ள மொத்தச் சர்க்கரையையும் மூளை மட்டுமே ஒரு மணி நேரத்தில் தீர்த்துவிடும். ஆனால் நாம் பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் நோன்பிருந்து, குர்ஆன் ஓதி, பள்ளிக்கூடமும் போய் வருகிறோம். இது எப்படி முடிகிறது?

கல்லீரலால் முடிகிறது. அதை நம் உடலின் பைத்துல்மால் என்று சொல்லலாம். வரவு அதிகமாக இருக்கும்போது சேர்த்து வைத்து, இல்லாத நேரத்தில் எடுத்துக் கொடுப்பது அதன் வேலை. சாப்பிட்டவுடன் மிகுதியான குளுக்கோஸைக் கிளைக்கோஜன் என்ற பொருளாக மாற்றிப் பூட்டி வைக்கிறது. நன்றாகச் சாப்பிட்ட பெரியவரின் கல்லீரலில் இது 100 கிராம் அளவில் இருக்கும். தசைகளிலும் கிளைக்கோஜன் உண்டு. கல்லீரலில் இருப்பதைவிட அதிகமாகவே உண்டு. ஆனால் தசை தன் சேமிப்பைத் தன் செலவுக்கு மட்டுமே வைத்துக்கொள்ளும், இரத்தத்துக்குத் திருப்பித் தராது.

எப்போது சேர்ப்பது, எப்போது கொடுப்பது என்ற உத்தரவு கணையத்திலிருந்து வருகிறது. இரைப்பைக்குப் பின்னால் சுமார் 15 சென்டிமீட்டர் நீளத்தில் கிடக்கும் உறுப்பு அது. அங்கிருந்து இரண்டு ஹார்மோன்கள் புறப்படுகின்றன. இன்சுலின் என்பது வசூல் உத்தரவு: ‘சர்க்கரையை உள்ளே எடு, சேமித்து வை, வெளியே விடாதே.’ குளுக்ககான் என்பது பட்டுவாடா உத்தரவு: ‘சேமிப்பைத் திற, இரத்தத்துக்கு அனுப்பு.’ நோன்பு நாளில் நேரம் ஏற ஏற இன்சுலின் குறைகிறது, குளுக்ககான் கூடுகிறது. லுஹருக்குப் பிறகு சேமிப்பு குறையத் தொடங்கும்போது உடல் கொழுப்பைக் கரைத்துத் தசைகளுக்கும் இதயத்துக்கும் எரிபொருளாகக் கொடுக்கிறது. மூளைக்கு வேண்டிய சர்க்கரையைக் கல்லீரலே புதிதாகத் தயாரிக்கிறது. அல்ஹம்துலில்லாஹ்! இத்தனையும் நாம் அறியாமலே நடக்கிறது.

சிறு பிள்ளைகளின் கல்லீரல் சிறியது, சேமிப்பும் குறைவு. உடலளவோடு ஒப்பிட்டால் மூளையோ பெரியது, செலவு அதிகம். அதனால்தான் எட்டு வயதுப் பிள்ளை மதியத்துக்குள் வாடிவிடுகிறது. பருவ வயதை அடையாதவர்களுக்கு நோன்பு கடமை இல்லை. பழகுவதற்காக அரை நோன்பு வைப்பது அழகான வழக்கம். ஆனால் “என் பிள்ளை முப்பதும் வைத்தான்” என்று சொல்லிக்கொள்வதற்காகச் சோர்ந்து கிடக்கும் பிள்ளையைப் பெற்றோர் இழுத்துப் பிடிப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அது நமக்குச் சரியாகப் படவில்லை.

இப்போது நன்னாவிடம் வருவோம். சர்க்கரை நோய்க்கான சில மாத்திரைகள், உதாரணமாகக் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவை, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கின்றன. காலை உணவோடு போட்டுக்கொண்டு, பிறகு மதியமும் சாப்பிடுகிறவருக்கு அவை பொருந்தும். நன்னா அதே மாத்திரையை ஸஹரில் போட்டுவிட்டு மஃரிப் வரை எதுவும் சாப்பிடவில்லை. அது ரமலான் மாதம் என்று மாத்திரைக்குத் தெரியாது. பகல் முழுவதும் வசூல் உத்தரவு போய்க்கொண்டே இருந்தது. குறைய வேண்டிய இன்சுலின் குறையவில்லை. அதனால் கல்லீரலில் சேமிப்பு இருந்தும் அது வேண்டிய அளவு வெளியே வரவில்லை. இரத்தத்தில் இருந்த ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை அரைத் தேக்கரண்டி ஆகிவிட்டது. மூளைக்கு உணவு பற்றவில்லை. பேச்சு குழறியதும் வேர்த்ததும் அதனால்தான். பிள்ளையே, நீ எந்த மாத்திரையும் போடவில்லை. உன் கணையம் நேரமறிந்து இன்சுலினைக் குறைத்துக்கொண்டது. உன் கேள்விக்குப் பதில் இதுதான்.

எல்லாச் சர்க்கரை மாத்திரைகளும் இப்படிச் செய்வதில்லை. எது எப்படி என்று பார்த்து, அளவையும் நேரத்தையும் மாற்றித் தருவது மருத்துவரின் வேலை. நாமாக மாற்றக் கூடாது. “நோன்புதானே” என்று இன்சுலின் ஊசியை நாமாக நிறுத்தவும் கூடாது.

தண்ணீர்க் கணக்கைப் பார்ப்பது சிறுநீரகம். நம் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் ஒன்றரை லிட்டர் அளவுதான் சிறுநீராக வெளியேறுகிறது. மீதி முழுவதும் திரும்ப இரத்தத்துக்கே போகிறது. உடலில் நீர் குறைந்தால், மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து ஒரு ஹார்மோன் வந்து, ‘இன்னும் சிக்கனமாக இரு’ என்று சிறுநீரகத்துக்குச் சொல்கிறது. இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். நோன்பு நாளில் அஸர் நேரத்துச் சிறுநீர் அடர் மஞ்சளாக இருக்கும். இஃப்தாருக்குப் பிறகு தண்ணீரைச் சிறுகச் சிறுகக் குடித்து வந்தால், இரவு படுக்கும்முன் நிறம் வெளுத்திருக்கும். வெளுக்கவில்லை என்றால் குடித்தது போதவில்லை. வயதானவர்களின் சிறுநீரகத்துக்கு இந்தச் சிக்கனம் அவ்வளவாக வராது. இரத்தத்தில் சர்க்கரை மிக அதிகமானாலும் அது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு சிறுநீரில் வெளியேறும். அதனால் சர்க்கரை ஏறுவதும் நோன்பாளிக்கு ஆபத்துதான்.

இஃப்தார் மேசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேரீச்சம்பழத்தின் சர்க்கரை விரைவில் இரத்தத்தில் சேரும். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம் போட்ட நம் நோன்புக் கஞ்சி நீரும் உப்பும் மாவுச்சத்தும் ஒன்றாய்த் தருகிறது. முன்னோர் நன்றாகத்தான் யோசித்திருக்கிறார்கள். கஞ்சிக்குப் பக்கத்தில் குவியும் வடை, சமோசா பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. எண்ணெய்ப் பண்டம் இரைப்பையை விட்டு இறங்கத் தாமதமாகும். தராவீஹில் நிற்கும்போது அது உங்களுக்கே தெரியும்.

பெரியவர்கள் உள்ள வீட்டுப் பிள்ளைகள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் உள்ள நோன்பாளிக்குத் திடீரென்று வேர்த்தால், கை நடுங்கினால், நெஞ்சு படபடத்தால், காரணமில்லாமல் எரிந்து விழுந்தால், பேச்சு குழறினால், அதை நோன்பு மயக்கம் என்று விட்டுவிடாதீர்கள். உடனே விரலில் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள். அதனால் நோன்பு முறியாது. அளவு 70க்குக் கீழே இருந்தாலும் 300க்கு மேலே இருந்தாலும் நோன்பை நிறுத்திவிட வேண்டும் என்பது மருத்துவர்களின் அறிவுரை. குறைந்திருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுங்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடியும் பாருங்கள். கருவி இல்லையென்றால் காத்திருக்காமல் சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்துவிடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். உடனே 108க்குச் சொல்லுங்கள். மேலே இருந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

“நோன்பை விடச் சொல்கிறீர்களா?” என்று பெரியவர்கள் கேட்பார்கள். நோயாளிக்குச் சலுகை தந்தது நாம் அல்ல, அல்லாஹ். குணமான பிறகு களா செய்யலாம். குணமாகாத நோய் என்றால் ஃபித்யா கொடுக்கலாம். அவரவர் நிலைக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, பிறகு ஹஜ்ரத்திடம் கேட்டுத் தெளிவு பெறலாம்.

ரமலானுக்கு முன் வரும் இரண்டு வெள்ளிக்கிழமைகளிலும், ஜும்ஆ முடிந்ததும் நமது அறக்கட்டளை அலுவலகத்தில் மருத்துவர் ஒருவர் இருப்பார், இன்ஷா அல்லாஹ். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இலவசமாகப் பார்க்கப்படும். வருகிறவர்கள் மருந்துச் சீட்டையும் இப்போது போடும் மாத்திரை அட்டைகளையும் எடுத்து வரவும். பெண்களுக்கு அஸருக்குப் பின் தனி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். நன்னா, நன்னியைக் கூட்டி வரும் பிள்ளைகள் ஒரு நோட்டும் பேனாவும் கொண்டு வாருங்கள். மருத்துவர் மாற்றிச் சொல்லும் நேரத்தை எழுதிக்கொண்டு போய், வீட்டில் ஸஹர் சாப்பிடும் இடத்தில் ஒட்டி வைப்பது உங்கள் பொறுப்பு.