வீராவோடு குற்றாலம் வரும் மருமகளுக்கு

இலஞ்சி

அன்புள்ள மீனாவுக்கு,

அத்தை ஆசீர்வாதம். ஆடி பிறந்ததும் சாரலுக்கு வருகிறீர்கள், வீராவும் வருகிறான் என்று உன் அப்பா போனில் சொன்னான். சந்தோஷம். ஐந்தருவிப் பக்கம் ஏதோ ரிசார்ட்டில் ‘நாய்க்கும் அனுமதி’ என்று போட்டிருக்கிறதாம். அதைக் கேட்டதிலிருந்துதான் எனக்கு உறக்கமில்லை.

எங்கே தங்குவது என்பது உன் இஷ்டம், நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் நாலு வார்த்தை விசாரித்துக்கொள். அனுமதி என்றால் அறைக்குள்ளா, கார் ஷெட்டிலா? நீங்கள் குளிக்கப் போகும்போது அவனை உள்ளே விட்டுப் பூட்டலாமா? சீசனில் பேரருவியில் வரிசையில் நின்று குளித்து வருவதற்குள் பாதி நாள் போய்விடும். காருக்குள் அடைத்துவிட்டுப் போகலாம் என்று மட்டும் நினைக்காதே. சாரல் நின்று லேசாக வெயில் அடித்தாலே மூடிய கார் வெந்துவிடும். அருவிக்கரைக்கும் அவனைப் பிடித்துக்கொண்டு போக வேண்டாம். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று தண்ணீர் பெருகி ஒரு பையனைக் கொண்டுபோனது. நாயைப் பிடித்த கையோடு ஓட முடியுமா?

சன்னலுக்குக் கம்பி உண்டா என்றும் கேள். மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் இந்த ஊர்க் குரங்குகளைக் குறவஞ்சியில் கொஞ்சிப் பாடினார். அவருக்கென்ன, சிப்பிப்பாறை நாயோடு மாடி அறையிலா தங்கினார்? முயலைக் கண்டால் பறக்கிற சாதி அது. பால்கனியில் குரங்கு வந்து உட்கார்ந்தால் வீரா எத்தனையாவது மாடி என்று பார்க்க மாட்டான்.

பயமுறுத்தச் சொல்லவில்லை, ஆனால் மலையடிவாரத்தில் ராத்திரி நாயை வெளியே கட்டக்கூடாது. கடையம், பாபநாசம் பக்கமெல்லாம் சிறுத்தை இறங்கி நாயைத் தூக்கிப்போவது நமக்குப் புதுசா? ‘காட்டை ஒட்டிய காட்டேஜ்’ என்று படம் போட்டிருந்தால் அங்கேதான் யோசிக்க வேண்டும்.

போனில் சொல்வதையும் நம்பாதே. முன்னே உங்கள் வீட்டு நாய் மணியைக் கூட்டிக்கொண்டு வந்தீர்களே, நீ அப்போது கைக்குழந்தை. “மதினிக்கு எதுக்குச் சிரமம்” என்று உன் அம்மா லாட்ஜில்தான் தங்குவேன் என்றாள். போனில் “தாராளமா வாங்க” என்ற அந்த லாட்ஜ்காரன், நீங்கள் மழையில் போய் நின்றதும் நாயை மாடிப்படிக்குக் கீழே கட்டச் சொன்னான். விடிய விடிய அது ஊளையிட்டதில் பக்கத்து அறைக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். உன் அப்பா வாயைத் திறக்கவில்லை. பத்து நிமிஷத் தூரத்தில் அக்கா வீடு இருக்கிறது! மறுநாள் காலையில்தான் எனக்குத் தெரியும், அதுவும் பால்காரர் சொல்லி. சிரமமாம் சிரமம். மூன்று பிரசவம் பார்த்த வீட்டில் ஒரு நாய்க்கா இடமில்லாமல் போகும்?

சரி, பழைய கதை. இங்கே சுற்றிலும் மதில் இருக்கிறது, தார்சாவுக்குக் கம்பி அழி இருக்கிறது, வழுக்காத சிமெண்டுத் தரை. நீங்கள் அருவிக்குப் போங்கள், நான் அவனோடு இருப்பேன். மெல்லிய முடிக்காரன், சாரலில் நடுங்குவான். மாமாவின் பழைய கம்பளி கிடக்கிறது.

ஊசி போட்ட அட்டையை மறக்காதே. மழைத்தண்ணீர் தேங்கும் காலம், எலிக்காய்ச்சல் ஊசியும் போட்டாயிற்றா என்று பார். அவசரமென்றால் தென்காசியில் அரசு கால்நடை ஆஸ்பத்திரி இருக்கிறது. பார்டர் கடையில் புரோட்டா தின்னும்போது சால்னாவில் தோய்த்து அவனுக்குப் போடாதே, வெங்காயம் நாய்க்கு ஆகாது. ரயிலில் என்றால் முதல் வகுப்பில் கூபே முழுதும் கிடைத்தால்தான் கூட வைத்துக்கொள்ள முடியும். இல்லையென்றால் கார்டு பெட்டிக் கூண்டுதான். காரிலேயே வாருங்கள்.

ரொம்பப் பேசிவிட்டேன். நீ கெட்டிக்காரி, உனக்குத் தெரியாததா! ரிசார்ட்டில் தங்கினாலும் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, என் கண்ணு. குழந்தைகளுக்கு முறுக்கு சுட்டு வைக்கிறேன், வீராவுக்கு ஈரல் வாங்கி அவித்து வைக்கிறேன். உன் அம்மாவுக்குப் பிடித்த கூட்டாஞ்சோறும் உண்டு என்று சொல்.

முன்பணம் கட்டியிருந்தால் திரும்பக் கிடைக்குமா என்று இன்றைக்கே கேட்டுப் பார்.

அன்புடன்,
அத்தை